செம்புக் கம்பி கறுக்கவே மாட்டேன் என்கிறது: வீட்டில் ஆக்சிடைஸ், பாலிஷ் சந்தேகங்கள்

கம்பிக்கொடி (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். நான் கம்பி சுற்றி நகை செய்கிறேன். பெரும்பாலும் காதணி, பென்டன்ட். எப்போதாவது வெள்ளியில் சின்ன மோதிரம். அடுத்த மாதம் ஒரு கண்காட்சி இருக்கிறது. அதற்கு ஒரு செட் முழுக்கப் பழைய நகை மாதிரி கறுப்பேற்றிச் செய்யலாம் என்று, உலோகத்தைக் கறுக்கவைக்கும் லிவர் ஆஃப் சல்ஃபர் என்ற மருந்துக் கட்டி வாங்கினேன்.

925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) மோதிரம் நன்றாகக் கறுத்தது. செம்புக் கம்பி பென்டன்ட்தான் அசையவே இல்லை. கம்பியை வெட்டிய முனையும், குறடு பட்டுக் கீறிய ஓர் இடமும் மட்டும் கறுத்திருக்கின்றன. மற்ற இடமெல்லாம் அப்படியே மின்னுகிறது. கரைசலைச் சூடாக்கியும் பார்த்தேன், கட்டி கொஞ்சம் கூடப் போட்டும் பார்த்தேன். செம்பு வெள்ளியைவிடச் சீக்கிரம் கறுக்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

இன்னொரு கேள்வி. கறுப்பேற்றிவிட்டுப் பாலிஷ் போடுவதா, பாலிஷ் போட்டுவிட்டுக் கறுப்பேற்றுவதா? வீடியோக்களில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அரக்குவளை (சென்னை)

கம்பி எங்கே வாங்கினீர்கள்? மோட்டார் காயில் கட்டும் கடையிலா?

கம்பிக்கொடி

ஆமாம் அக்கா. எடை போட்டுத் தருவார்கள், கைவினைக் கடையைவிட விலை ரொம்பக் குறைவு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அரக்குவளை

வெட்டிய முனையும் கீறலும் மட்டும் கறுத்தது என்றீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. வைண்டிங் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். சுற்றுக்குச் சுற்று மின்சாரம் தாவாமல் இருப்பதற்காகப் போடுவது அது. கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் செந்தூக்கலாக, நல்ல பளபளப்பாக இருக்கும். மருந்து செம்பைத் தொட்டால்தானே கறுக்கும்?

எரித்தால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அது பிளாஸ்டிக் எரிகிற புகை, வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். உப்புத்தாளில் சுரண்டலாம் என்றால், சுற்றி முடித்த பென்டன்டில் உள்மடிப்புக்குத் தாள் போகாது. இந்தக் கம்பியைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சிக்குப் பூச்சு இல்லாத வெறும் செம்பு வாங்குங்கள். ஒரு துண்டை வெட்டி நடுவில் லேசாகச் சுரண்டிக் கரைசலில் போடுங்கள். சுரண்டிய இடமும் சுரண்டாத இடமும் ஒன்றாகக் கறுத்தால் அது வெறும் கம்பி.

கைவினைக் கடையில் 'கறுக்காது' என்று எழுதி விற்கும் கலர் கம்பியிலும் இதே கதைதான். வெள்ளி முலாம் போட்ட செம்புக் கம்பி கறுக்கும், ஆனால் பிறகு மெருகு போடும்போது முலாம் தேய்ந்து உள்ளே இருக்கும் சிவப்பு எட்டிப் பார்க்கும். கடையில் வாங்கிய வெள்ளிச் சங்கிலி கறுக்கவில்லை என்றால் பெரும்பாலும் மேலே ரோடியம் முலாம் இருக்கும். மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

கம்பிக்கொடி

அப்போது அந்தக் கிலோக் கணக்கு எல்லாம் பயிற்சிக்குத்தான். சரி. இரண்டாவது கேள்விக்கு யாராவது?

சேலத்துப் பட்டறை

நான் சொல்கிறேன் அம்மா. எங்கள் குடும்பம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை. நான் இப்போது பட்டறைக்குப் போவதில்லை, பேத்திக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன்.

மெருகு முதலில், கறுப்பு அடுத்து, மறுபடி மேடுகளுக்கு மட்டும் மெருகு. வீடியோவில் இரண்டு பேரும் சொல்வது பாதிப் பாதி சரி.

முதல் மெருகை யாரும் சரியாகச் செய்வதில்லை. 'எப்படியும் கறுக்கத்தானே போகிறது' என்று அரம் போட்ட கோடுகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கறுப்பு அந்தக் கோட்டை மூடாது, மை ஊற்றிக் காட்டிக்கொடுக்கும். 400 எண் உப்புத்தாளில் ஒரு திசை, 600இல் அதற்குக் குறுக்கே, அப்புறம் 1000. முந்தின தாளின் கோடு ஒன்றுகூடத் தெரியாத வரைக்கும் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. குறுக்கே தேய்ப்பதே அதற்காகத்தான், பழைய கோடு மிச்சம் இருந்தால் உடனே கண்ணில் படும். பற்றாசு (சால்டர்) வைத்த இடத்தில் வெங்காரம் (போராக்ஸ்) கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும், அதைப் புளித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்திருக்க வேண்டும். அதன் மேலும் கறுப்பு ஏறாது.

அப்புறம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளைக் கம்பி பிரஷ் போட்டுக் கழுவுங்கள். கழுவிய பிறகு விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் கறுப்பில் திட்டாக நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் மெல்லிய படலமாகப் பரவினால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம்.

கறுப்பேற்றிய பிறகு மேடுகளைத் திறப்பதில்தான் பேத்தி இன்னும் தடுமாறுகிறாள். அவளுடைய மோதிரத்தில் அரும்பு வேலை, கடுகளவு குண்டுகள் வரிசையாக. அவள் உப்புத்தாளைக் கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தாள். விரல் மெத்தென்று இருப்பதால் தாளைக் குண்டுகளுக்கு நடுவே அமுக்கி, பள்ளத்துக் கறுப்பையும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அதே 1200 தாளை ஐஸ்கிரீம் குச்சியில் இறுக்கமாக ஒட்டி, குச்சியைப் படுக்கவைத்து இழுத்தால் குண்டுகளின் தலை மட்டும் வெளுக்கும். ஒவ்வொரு குண்டைச் சுற்றியும் மெல்லிய கறுப்பு வளையம் நிற்கும். அந்த வளையம் இருந்தால்தான் குண்டு தனியாக எழுந்து தெரியும். எவ்வளவு கறுக்கிறது என்பதில் நகை இல்லை, எங்கே துடைக்காமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

கடைசியில் குச்சியில் ஒட்டிய தோல் பட்டையில் சிவப்பு ரூஜ் என்ற மெருகுப் பொடிக்கட்டி தடவி அந்தத் தலைகளை மட்டும் இழுங்கள். மெஷினே வேண்டாம்.

யாழ்ப்பாணத்து மயில் (டொராண்டோ)

நான் லிவர் ஆஃப் சல்ஃபர் பாவிப்பதே இல்லை. அடுக்குமாடி வீடு, குளிர்காலத்தில் யன்னல் திறக்க ஏலாது. அவித்த முட்டைதான் என்ரை முறை. நன்றாக இறுக அவித்து, சூட்டோடு மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து மசித்து, ஜிப் பையில் போட்டு, மேலே டிஷ்யூ விரித்து அதன் மேல் வெள்ளியை வைத்து மூடிவிடுவேன். முட்டை நகையில் படக் கூடாது, பட்டால் அந்த இடம் மட்டும் திட்டாகும். சில மணி நேரத்தில் கபிலமும் (பழுப்பு) சாம்பலும் கலந்த நிறம் வரும். இன்னும் கறுப்பு வேணும் என்றால் இரவு முழுக்க விடலாம். பிழை விட வழியே இல்லை, மெல்ல மெல்லத்தான் ஏறும்.

சேலத்துப் பட்டறை

முட்டை நல்ல முறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடர் கறுப்பு வராது. பத்துக் காதணி செய்தால் பத்தும் ஒரே நிறமாக வராது. விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு அது தலைவலி.

யாழ்ப்பாணத்து மயில்

ஒரே நிறம் வேண்டும் என்றால் தொழிற்சாலையில் வாங்கலாமே ஐயா :) கையால் செய்த சாமானுக்கு அதுதானே அழகு.

வாத்தியார்_மதுரை

இரண்டும் ஒரே வேதியியல்தான், சண்டை வேண்டாம். முட்டையின் வெள்ளையில் கந்தகம் இருக்கிறது. அவிக்கும்போது அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளியே வரும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டுவதும் அந்த வாயு மஞ்சளில் இருக்கும் இரும்போடு சேர்வதால்தான். நகையில் அது வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு ஆகிறது, அதுதான் அந்தக் கறுப்பு. லிவர் ஆஃப் சல்ஃபர் என்பது பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்த பாலிசல்ஃபைடு கலவை. அதே வேலையைச் சில விநாடிகளில் முடிக்கும். வீட்டில் சும்மா இருக்கிற வெள்ளி கறுப்பதும் இதே காரணத்தால். கூவத்துக் கரையோரம் குடியிருப்பவர்களைக் கேட்டால், மருந்தே வாங்க வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பார்கள்.

படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது ஒளி அதில் மேலும் கீழும் பட்டுத் திரும்பி நிறம் காட்டும். முதலில் தங்க மஞ்சள், அப்புறம் ரோஜா, ஊதா, நீலம், கடைசியில் சாம்பல் கறுப்பு. தடிமன் கூடக் கூட நிறம் மாறுகிறது, சாயம் எதுவும் அதில் இல்லை.

எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று. லிவர் ஆஃப் சல்ஃபரில் எந்த அமிலமும் சேரக் கூடாது. எலுமிச்சை, வினிகர், புளித் தண்ணீர், பாத்ரூம் ஆசிட், எது சேர்ந்தாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குபுகுபுவென்று வரும். அது நச்சு வாயு. அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும், ஆகவே 'நாற்றம் நின்றுவிட்டது, பயமில்லை' என்று நினைக்கவே கூடாது. வெள்ளியைப் புளியிலோ சிட்ரிக் அமிலத்திலோ ஊறவைத்து எடுத்தால், நன்றாகக் கழுவி, சமையல் சோடாத் தண்ணீரில் ஒருமுறை முக்கி, மறுபடி கழுவிய பிறகுதான் இதில் போட வேண்டும். மொட்டை மாடியில் வைத்துச் செய்வது உத்தமம்.

கம்பிக்கொடி

நீலம் பற்றிச் சொன்னீர்களே ஐயா, அதை அப்படியே நிறுத்திவைக்க முடியுமா? எனக்குக் கறுப்பைவிட அதுதான் பிடித்திருக்கிறது.

அரக்குவளை

பிடிக்கலாம். கரைசலை மிக நீர்க்கச் செய்ய வேண்டும். ஒரு பெரிய டம்ளர் வெந்நீருக்கு மிளகளவு கட்டி போதும், வெளிர் மஞ்சளாக இருக்கட்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். ஒரு விநாடி முக்கு, உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசு, பார். மறுபடி முக்கு. வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே சமையல் சோடாத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், அங்கே போகும் வழியிலேயே ஒரு படி ஏறிவிடும்.

ஆனால் விற்பவர்களிடம் நான் சொல்வது: நீலம் என்று சொல்லி விற்காதீர்கள். காற்றில் இருக்கும் கந்தகம் அதன் மேலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மெழுகு பூசினால் தள்ளிப்போகும், நிற்காது. மோதிரம் என்றால் தேய்ந்தும் போகும். தொங்கட்டானில் கொஞ்ச காலம் தாங்கும்.

சேலத்துப் பட்டறை

அடர் கறுப்புக்கும் இதே பொறுமைதான் வேண்டும். கெட்டிக் கரைசலில் ஒரே முக்கில் கறுப்பாக்கினால் படலம் தடித்து, காய்ந்த பிறகு செதில் செதிலாக உரியும். நீர்த்த கரைசலில் பலமுறை முக்கி, நடுவில் பிரஷால் லேசாகத் துலக்கி, மறுபடி முக்கினால் பிடித்துக்கொள்ளும். நகையையும் முன்னாலேயே வெந்நீரில் சூடாக்கிக்கொள்ளுங்கள். சில்லென்ற நகை கரைசலையும் ஆறவைத்துவிடும்.

புதுவரவு_நித்யா

நானும் புதிது. என் வெள்ளி மோதிரத்தைப் புளித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் இளஞ்சிவப்பாக வந்தது. இது என்ன? வெள்ளி போலியா?

அரக்குவளை

இரும்பு இடுக்கியால் எடுத்திருப்பீர்கள். 925இல் மீதி பெரும்பாலும் செம்புதான். ஊறவைக்க ஊறவைக்க அந்தச் செம்பு கொஞ்சம் தண்ணீரில் கரையும். இரும்பு உள்ளே போனதும் அந்தச் செம்பு வெள்ளி மேல் முலாமாகப் படிந்துவிடும். மரக்குச்சியோ, செம்பு இடுக்கியோ, பிளாஸ்டிக்கோ பயன்படுத்துங்கள். படிந்தது தேய்த்தால் போகும்.

இதையே வேண்டுமென்றும் செய்யலாம். பித்தளை லிவர் ஆஃப் சல்ஃபரில் சரியாகக் கறுக்காது. பழைய ஊறல் தண்ணீரில் பித்தளையை ஒரு இரும்புக் கம்பியோடு சேர்த்துப் போட்டால் மேலே மெல்லிய செம்பு படியும். பிறகு அலசி, சோடாவில் முக்கி, கறுப்பேற்றினால் பித்தளையும் கறுக்கும்.

நெறியாளர்

ஒரு குறுக்கீடு. இதற்குப் பயன்படுத்தும் டம்ளர், கிண்ணம், கரண்டி எதுவும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. அடியில் பெயின்டால் குறி வைத்துத் தனியாக எடுத்து வையுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தொடருங்கள்.

டம்ளர்_அல்ல_டம்ப்ளர்

யாருமே டம்ப்ளர் பற்றிப் பேசவில்லையே! சின்ன உருளை மெஷின், உள்ளே ஸ்டெயின்லெஸ் குண்டும் ஊசியும் கலந்த ஷாட், மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. இரண்டு மணி நேரம் ஓட விட்டால் கைக்கு எட்டாத கம்பி மடிப்புக்குள்ளும் பளபளக்கும். கம்பியும் கொஞ்சம் விறைக்கும், காதணிக் கொக்கி வளையாது. கறுப்பேற்றிய பிறகு போட்டால் மேடு வெளுத்து, பள்ளம் துப்பாக்கி இரும்பு மாதிரி ஒரு மினுமினுப்போடு வரும். எனக்கு அது தட்டையான கறுப்பைவிடப் பிடிக்கும்.

முத்து, பவளம், டர்க்காய்ஸ், ஓப்பல் உள்ள நகையை இதில் போடாதீர்கள். அவற்றை லிவர் ஆஃப் சல்ஃபரிலும் முக்கக் கூடாது. கல் பதிக்கும் முன்னாலேயே கறுப்பு, மெருகு எல்லாம் முடித்துவிட வேண்டும்.

சேலத்துப் பட்டறை

மெஷின் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பஃப் சக்கரத்தில் சங்கிலியைக் கையில் பிடித்து மெருகு போடாதீர்கள். சக்கரம் சங்கிலியை இழுத்தால் விரலையும் சேர்த்துச் சுற்றும். பட்டறையில் சங்கிலியைக் கட்டையில் இறுகச் சுற்றித்தான் காட்டுவோம். துப்பட்டா, தளர்ந்த கை, அவிழ்ந்த முடி எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

புதுவரவு_நித்யா

இன்னொரு சந்தேகம். பிளாட்பாரத்தில் வாங்கிய ஆக்சிடைஸ்டு ஜிமிக்கி. வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வது போல அம்மா அதையும் விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். கறுப்பு திட்டுத் திட்டாகப் போய், மஞ்சளாகத் தெரிகிறது. மறுபடி கறுப்பேற்றலாமா?

வாத்தியார்_மதுரை

மஞ்சள் தெரிகிறது என்றால் அடியில் பித்தளை. மேலே இருந்தது முலாமும் கறுப்புப் பூச்சும். ஜெர்மன் சில்வர் என்று விற்பதிலும் வெள்ளி துளியும் கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். அதனால்தான் சிலருக்குக் காது மடல் அரிக்கிறது, அது நிக்கல் ஒவ்வாமை. இந்த மாதிரி நகைக்கு மருந்து தேடாதீர்கள், அப்படியே பயன்படுத்துங்கள்.

விபூதி வெள்ளி விளக்குக்கு நல்லது, மிக நைசான தேய்ப்புப் பொடிதான் அது. ஆக்சிடைஸ் செய்த நகைக்கு வேண்டாம். இன்னொன்று, அலுமினியத் தாள் விரித்து, சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றி வெள்ளியைச் சுத்தம் செய்யும் வித்தை இருக்கிறதே, அதுவும் கூடாது. கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். நீங்கள் உழைத்து விட்டுவைத்த பள்ளத்துக் கறுப்பும் அதோடு போய்விடும். ஆக்சிடைஸ் நகைக்கு லேசான சோப்பு, மென்மையான பிரஷ், காய்ந்த துணி போதும்.

கம்பிக்கொடி

மெழுகு கட்டாயமா? வாங்குபவர்கள் 'கழுத்தெல்லாம் பச்சையாகிறது' என்று சொல்வார்கள் என்று பயமாக இருக்கிறது.

அரக்குவளை

பச்சை செம்பிலிருந்து வருவது, கறுப்பிலிருந்து அல்ல. வியர்வை செம்பைத் தொடாமல் பார்த்தால் குறையும். தோலில் படும் பின்பக்கத்துக்கு மட்டும் அக்ரிலிக் லேக்கர் மெல்லியதாக அடிக்கிறேன். முன்பக்கத்துக்கு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் பழம்பொருள்களுக்காக 1950களில் உருவாக்கிய ரினைசான்ஸ் மெழுகு அந்த வகைதான், ஆன்லைனில் கிடைக்கும். விலை அதிகம் என்றால் தேன்மெழுகு போதும். நகையைக் கையால் தொடும் சூட்டுக்குச் சூடாக்கி, பருத்தித் துணியில் ஒரு துளி தொட்டுத் தேய்த்து, ஆறியதும் துடைத்து எடுங்கள். மெழுகு போட்டால் கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரியும். ஆனால் அது நிரந்தரம் இல்லை என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

சேலத்துப் பட்டறை

வெள்ளிக்கு நான் எதுவும் பூசச் சொல்ல மாட்டேன். போட்டுக்கொண்டே இருந்தால் மேடு தானாக மெருகேறும், பள்ளம் தானாகக் கறுக்கும். லேக்கர் உரிய ஆரம்பித்தால்தான் அசிங்கம்.

டம்ளர்_அல்ல_டம்ப்ளர்

வெறும் ஆர்வத்தில் கேட்கிறேன், கர்நாடகத்துப் பீதர் ஊரின் பாத்திரங்களில் அப்படி ஒரு கறுப்பு எப்படி வருகிறது? வெள்ளிப் பூவேலை மட்டும் துளியும் கறுக்காமல் பளிச்சென்று இருக்கிறதே.

வாத்தியார்_மதுரை

அங்கே உலோகமே வேறு. துத்தநாகம் பெரும்பங்கு, செம்பு கொஞ்சம். அந்த வார்ப்பில் வெள்ளியைப் பதித்து, வழவழப்பாக்கி, பீதர் கோட்டைக்குள் எடுக்கும் மண்ணையும் நவச்சாரத்தையும் (அம்மோனியம் குளோரைடு) தண்ணீரில் குழைத்துச் சூடாகப் பூசுவார்கள். துத்தநாகக் கலவை கறுக்கும், வெள்ளி கறுக்காது. கந்தகம் இல்லாத முறை என்பதால்தான் வெள்ளி தப்பிக்கிறது. கடைசியில் எண்ணெய் தேய்த்து மெருகேற்றுவார்கள். நம் மோதிரத்துக்கு அதைச் செய்தால் ஒன்றும் நடக்காது.

யாழ்ப்பாணத்து மயில்

செய்து முடித்ததை எதில் வைக்கிறீர்கள்? ரப்பர் பான்ட் போட்டுக் கட்டினால் அது பட்ட இடமெல்லாம் கோடு விழுகுது.

அரக்குவளை

ரப்பரில் கந்தகம் இருக்கிறது, ஆகவே கோடு விழத்தான் செய்யும். ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஈரத்துக்கு ஒரு சாக்பீஸ் துண்டு போட்டு வையுங்கள். லிவர் ஆஃப் சல்ஃபர் கட்டி உள்ள டப்பாவை நகை வைக்கும் அலமாரிப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதையும் இறுக மூடி, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். ஈரமோ வெளிச்சமோ பட்டால் வெளுத்துச் செத்துப்போகும், பிறகு நாற்றம் இருக்கும், வேலை செய்யாது.

கம்பிக்கொடி

வெறும் செம்பு வாங்கிவிட்டேன். துண்டு வெட்டிச் சோதித்தேன், முழுக்க ஒரே சீராகக் கறுக்கிறது. மீந்த கரைசலை என்ன செய்வது? ஒரு கிண்ணம் நிறைய இருக்கிறது. பாத்ரூமில் கொட்டிவிடலாமா?

வாத்தியார்_மதுரை

பாத்ரூமில் வேண்டாம். ஆசிட் ஊற்றிக் கழுவிய குழாயாக இருந்தால் மேலே சொன்ன வாயு அங்கேயே கிளம்பும். மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில், கொஞ்சம் சமையல் சோடா போட்டுத் திறந்து வைத்துவிடுங்கள். சில நாளில் மஞ்சள் போய் வெளுத்து, அடியில் வெண்மையாகக் கொஞ்சம் வண்டல் நிற்கும், நாற்றமும் இருக்காது. அப்புறம் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றலாம். அதுவரை மழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிண்ணம் நிரம்பி வழிந்தால் தரையில் கறை நிற்கும்.